மீன் தொட்டியின் அழுக்கைக் கொஞ்சம் விட்டு வையுங்கள்

போன போகிக்கு முந்தின நாள் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். வெட்கம்தான் காரணம். வேளாண்மைத் துறையில் 33 வருடம் ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்குப் புத்தி சொன்னவன், தன் வீட்டு ஹாலில் இருந்த மூன்றடி தொட்டியில் நாலு மீனைச் சாகடித்த கதை இது.

தொட்டி என்னுடையதல்ல, பேரனுடையது. மகனுக்குச் சென்னைக்கு மாற்றலானபோது அங்கே பிடித்த வாடகை வீட்டில் மீன் தொட்டி வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அதனால் தொட்டி குமராட்சிக்கு வந்தது. மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். சுமார் நூறு லிட்டர் பிடிக்கும். உள்ளே ஆறு தங்க மீன்கள். பேரன் எட்டாம் வகுப்பு. போகும்போது ஒரு நோட்டுத் தாளில் மூன்று வரி எழுதித் தொட்டிக்குப் பின்னால் ஒட்டிவிட்டுப் போனான். ஒரு நாளைக்கு ஒரு வேளை தீனி. ஒரு சிட்டிகை மட்டும். ஃபில்டரைக் குழாயில் கழுவக் கூடாது.

முதல் இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். மூன்றாவது எனக்குப் புரியவில்லை. கழுவக் கூடாதாமே, இது என்ன வேடிக்கை என்று விட்டுவிட்டேன்.

போகிக்கு வீட்டை ஒழித்துப் பரண் வரைக்கும் துடைத்தாகிவிட்டது. மீன் தொட்டி மட்டும் ஏன் அப்படியே இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஃபில்டரைத் திறந்து பார்த்தால் பஞ்சு பழுப்பாக, வழுவழுவென்று, சேற்றில் ஊறிய சாக்கு மாதிரி இருந்தது. அதை வெந்நீரில் ஊறவைத்து, கசக்கி, மாடியில் வெயிலில் காயப் போட்டேன். கீழ்த் தட்டில் செராமிக் ரிங் என்று வெள்ளை வளையங்கள் இருக்குமே, அவையும் பழுப்பேறிக் கிடந்தன. தூர எறிந்துவிட்டுப் புதிது வாங்கிப் போட்டேன். வாங்கிய கடையிலும், "மாசம் ஒரு தடவை மீடியாவ மாத்திடுங்க சார், அப்பதான் மீனு நல்லாருக்கும்" என்றுதான் சொன்னார்கள். முதல் நாளே பிடித்து வைத்த தண்ணீரைத்தான் ஊற்றினேன். தொட்டி பளிங்கு மாதிரி ஆனது. பொங்கலன்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

மாட்டுப் பொங்கலன்று மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசியாக்கும் என்று இன்னொரு சிட்டிகை போட்டேன். அடுத்த நாள் செவுள் சிவந்திருந்தது. அதற்கடுத்த இரண்டு நாளில் ஒன்றன்பின் ஒன்றாக நாலு மிதந்தன. ஞாயிற்றுக்கிழமை பேரன் வீடியோவில் கூப்பிட்டு, "தாத்தா, மீனக் காட்டு" என்றான்.

மறைக்கவில்லை, காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டான். "பஞ்சக் கழுவுனியா தாத்தா?"

அதற்குப் பிறகுதான் விஷயத்தைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க இன்னும் வெட்கமாகப் போய்விட்டது. ஏனென்றால் இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. வயலில் இதைத்தான் 33 வருடம் பேசிக்கொண்டிருந்தேன்.

வடக்கு ராஜன் வாய்க்கால் பாசனத்தில் சம்பா பயிர் செய்த யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். யூரியாவை அப்படியே தூவாதே, ஐந்து பங்கு யூரியாவுக்கு நாலு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்கு கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து போடு என்று சொல்லியிருப்போம். எதற்கு வேப்பம் புண்ணாக்கு? யூரியா மண்ணில் கரைந்து அம்மோனியாவாக மாறும். மண்ணில் இருக்கும் சில நுண்ணுயிர்கள் அந்த அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாகவும், வேறு சில அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். நைட்ரேட் நெல் வயலில் நிற்காது. தண்ணீரோடு கீழே இறங்கும், அல்லது சேற்றுக்குள் காற்றாக மாறிப் போய்விடும். போட்ட உரத்தில் பாதி வீண். வேம்பு அந்த நுண்ணுயிர்களின் வேகத்தைக் குறைக்கும். 2015 முதல் நம் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டதற்கும் இது ஒரு காரணம்.

இப்போது தொட்டிக்கு வாருங்கள். மீன் விடும் கழிவு பெரும்பாலும் அம்மோனியாதான், அதுவும் செவுள் வழியாகவே வெளியேறும். தின்னாமல் மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியா. குளத்திலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஏராளம், மண்ணும் ஏராளம். நூறு லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் அது சேர்ந்துகொண்டே போகும். அதை மாற்றிக்கொண்டிருந்தது எது? அந்தப் பழுப்புப் பஞ்சிலும் வளையங்களிலும் குடியிருந்த அதே வகை நுண்ணுயிர்கள்தான். வயலில் எவற்றை அடக்கி வைக்கச் சொன்னேனோ அவற்றைத் தொட்டியில் வளர்க்க வேண்டியிருந்தது. நான் வெந்நீர் ஊற்றிக் கொன்றுவிட்டேன்.

1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி இந்த நுண்ணுயிர்களைப் பிரித்துக் காட்டினார். அவர் ஆராய்ந்ததும் மண்ணைத்தான், மீன் தொட்டியை அல்ல. இவற்றின் குணம் என்னவென்றால், மெதுவாகப் பெருகும். கெட்டுப்போன சோற்றில் வளரும் கிருமிகள் சில அரை மணிக்குள் இரண்டு மடங்காகும். இவற்றுக்கு அதே வேலைக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். அதனால்தான் புதுத் தொட்டி ஒன்று நிலைக்கு வர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகிறது. மாதம் ஒரு முறை மீடியாவை மாற்றினால் என்ன நடக்கும்? அவை ஊன்றி நிற்கும் நேரம் பார்த்துப் பிடுங்கி எறிவதுதான். நாற்று விட்டு, நட்டு, தூர் கட்டும்போது உழுது போட்ட மாதிரி.

என் கட்சி இதுதான்: வடிகட்டிப் பொருளை அடிக்கடி மாற்றச் சொல்வது மீனுக்காகச் சொல்லும் யோசனை அல்ல, வியாபாரத்துக்காகச் சொல்வது. தெரிந்தே ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பாக்கெட்டில் அப்படி அச்சடித்து வருகிறது, அவர்கள் அதைத் திருப்பிச் சொல்கிறார்கள். ஆனால் நாம் ஏன் கேள்வி கேட்காமல் நம்புகிறோம் என்றால், வடிகட்டி என்றதும் நம் தலைமுறைக்கு ஞாபகம் வருவது பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்த மூன்று பானைப் படம். மேல் பானையில் கலங்கல் தண்ணீர், நடுவில் கரியும் மணலும், கீழ்ப் பானையில் தெளிந்த தண்ணீர். அழுக்கு மேலே தங்கும், அழுக்கானதைக் கழுவ வேண்டும், முடிந்தது கதை.

மணல் வடிகட்டியிலேயே அந்தக் கதை அவ்வளவு சுலபமல்ல. 1829-ல் லண்டன் செல்சியில் ஜேம்ஸ் சிம்ப்சன் என்ற பொறியாளர் பெரிய மணல் படுகை அமைத்துத் தேம்ஸ் தண்ணீரை மெதுவாக இறக்கினார். மணல் சல்லடை மாதிரி அழுக்கைப் பிடிக்கிறது என்றுதான் அப்போது எண்ணினார்கள். மணலின் மேல் படியும் வழுவழுப்பான உயிர்ப் படலம்தான் பாதி வேலை செய்கிறது என்று பின்னால்தான் புரிந்தது. 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் காலரா வந்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பக்கத்திலேயே ஒட்டியிருந்த ஆல்டோனா ஊர், ஹாம்பர்க்கின் கழிவு கலந்த அதே எல்ப் ஆற்றுத் தண்ணீரைக் குடித்தும் பெரும்பாலும் தப்பியது. ஆல்டோனாவில் மணல் வடிகட்டி இருந்தது, ஹாம்பர்க்கில் இல்லை. நம் சென்னைக்கும் கீழ்ப்பாக்கத்தில் 1914-ல் இந்த வகை மணல் படுகைகள் வந்தன. இந்தப் படுகை அடைத்துக்கொண்டால் என்ன செய்வார்கள் தெரியுமா? மணல் முழுவதையும் அள்ளிக் கழுவ மாட்டார்கள். மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டும் சுரண்டி எடுப்பார்கள். அதற்குப் பிறகும் படலம் திரும்பப் படியும் வரை சில நாள் அந்தத் தண்ணீரைக் குடிக்க விட மாட்டார்கள்.

அதுதான் பேரன் எழுதிய மூன்றாவது வரி.

இனி எந்தப் பொருள் நல்லது, எது வேண்டாம் என்று என் அபிப்பிராயம். கடைக்குப் போனால் பத்து விதம் காட்டுவார்கள். நம்மைப் போன்ற வயதானவர்கள் வைக்கும் தொட்டிக்கு ஏர் பம்பில் ஓடும் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, பெரிய தொட்டியானால் இரண்டு, போதும். விலை குறைவு, கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை, அதுவே அழுக்கையும் பிடிக்கும், நுண்ணுயிருக்கும் வீடு. ஸ்பாஞ்சு கிழிந்து நைந்து போகும் வரை வைத்திருக்கலாம். செராமிக் ரிங்கும் நல்லதுதான். நுண்துளைகள் நிறைய, வருடக்கணக்கில் மாற்ற வேண்டாம். வாங்க மனமில்லையென்றால் நன்றாக வெந்த செங்கல்லை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துப் பலமுறை அலசிப் போட்டாலும் அதே வேலையைச் செய்யும். சிமென்ட், சுண்ணாம்பு ஒட்டிய பழைய கல் மட்டும் வேண்டாம். பயோ பால் என்று பிளாஸ்டிக் உருண்டைகள் விற்கிறார்கள். அவை மேலிருந்து தண்ணீர் சொட்டி வழியும் பெரிய ஃபில்டர்களுக்கானவை. தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தால் அந்த இடத்துக்கு வளையமோ செங்கல்லோ எவ்வளவோ மேல்.

வெள்ளைப் பஞ்சு விஷயம் வேறு. அது முதல் தட்டில் குப்பையைப் பிடிக்கத்தான். அடைத்துக்கொண்டால் தாராளமாக மாற்றலாம். அதிலும் தண்ணீர் முதலில் பஞ்சுக்குப் போய், பிறகு வளையத்துக்கு வரும்படி அடுக்க வேண்டும். மாற்றி அடுக்கினால் வளையத்தின் துளைகள் குப்பையில் மூடிப் போகும்.

கரியைப் பற்றி நம்மவர்களுக்கு மரியாதை அதிகம், மூன்று பானை ஞாபகம். கடையில் விற்கும் ஆக்டிவேட்டட் கார்பன் நிறத்தையும் வாடையையும் எடுக்கும். மருந்து போட்டு மீன் குணமான பிறகு மிச்ச மருந்தை எடுக்கவும் நல்லது. ஆனால் அம்மோனியாவை எடுக்காது. சில வாரத்தில் நிறைந்துவிடும். அடுப்புக்கரி அதற்கு ஈடாகாது. நிரந்தரமாக ஃபில்டரில் வைத்திருக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. மருந்து போடும் நாட்களில் கரி உள்ளே இருந்தால் அது மருந்தைத் தின்றுவிடும் என்பதையும் கவனியுங்கள்.

ஜியோலைட் என்ற கல்லை இறால் பண்ணை வைத்திருப்பவர்கள் நன்றாக அறிவார்கள். கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அது உண்மையிலேயே அம்மோனியாவைப் பிடிக்கும், நல்ல தண்ணீரில். ஆனால் மீனுக்கு நோய் என்றால் நாம் முதலில் செய்வது ஒரு கைப்பிடி கல் உப்பு போடுவது. ஜியோலைட் இருக்கும் தொட்டியில் உப்பைப் போட்டால், அது பிடித்து வைத்த அம்மோனியாவை உப்பு வெளியே தள்ளிவிடும். நோயாளி மீனுக்கு விஷம் வைத்த கதையாகும். இரண்டில் ஒன்றுதான்.

அழகுக்காகக் கிளிஞ்சல் போடுகிறவர்கள் உண்டு. கடற்கரை பக்கத்து ஜில்லா, கிளிஞ்சலுக்குக் குறைவில்லை. அது சுண்ணாம்பு. மெல்லக் கரைந்து தண்ணீரைக் காரமாக்கும். தண்ணீர் காரமாக ஆக, அதே அளவு அம்மோனியா கூடுதல் விஷமாகும். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் வாளியெல்லாம் வெள்ளை படிகிறது. இதற்கு மேல் கிளிஞ்சல் வேறு எதற்கு?

கழுவும் முறை சுலபம். வாரம் ஒரு முறை தொட்டித் தண்ணீரில் கால் பங்கை எடுத்துப் புதுத் தண்ணீர் விடுவோம் அல்லவா? எடுத்த தண்ணீரை வாளியில் பிடித்து, ஸ்பாஞ்சை அதிலேயே இரண்டு மூன்று பிழி பிழிந்து திரும்பப் பொருத்திவிட வேண்டும். வாரா வாரம் கூட வேண்டாம், காற்றுக் குமிழ் சோர்ந்து வந்தால் போதும். வாளித் தண்ணீர் டீ நிறத்தில் வரும். அது போதும், வெள்ளையாகும் வரை பிழியக் கூடாது. இரண்டு ஸ்பாஞ்ச் இருந்தால் ஒரே நாளில் இரண்டையும் தொடக் கூடாது. அந்த வாளித் தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றுகிறேன். என் வீட்டுக்காரி பூவைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறாள், காரணத்தை நான் சொல்லவில்லை.

குழாயில் ஏன் கூடாது என்றால், பஞ்சாயத்துக் குடிநீரில் பிளீச்சிங் பவுடர் கலக்கிறார்கள். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் இருக்க வேண்டும் என்பது விதி. நமக்கு நல்லது, நுண்ணுயிருக்கும் மீனின் செவுளுக்கும் ஆகாது. வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும். அவசரமென்றால் கடையில் ஆன்டி குளோரின் என்று விற்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட். நமக்கு அது புதிதல்ல. அந்தக் காலத்து போட்டோ ஸ்டுடியோ இருட்டறையில் 'ஹைப்போ' என்பார்களே, அதே உப்புதான்.

புதுத் தொட்டி வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலுக்கு உறை ஊற்றத் தெரியாத வீடு நம் ஊரில் கிடையாது. நன்றாக ஓடும் ஒரு தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்சோ, ஒரு பிடி வளையமோ கேட்டு வாங்கி, காயாமல் ஈரத்தோடு கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் போடுங்கள். ஆறு வாரம் பெரிதும் குறையும். அந்தத் தொட்டியில் நோய் இல்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்பாஞ்சை மாற்ற வேண்டி வந்தாலும் இதே வழிதான். புதியதைப் பழையதோடு சேர்த்து ஒரு மாதம் ஓடவிட்டுப் பிறகு பழையதை எடுக்க வேண்டும்.

மின்சாரம் இன்னொரு கவலை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்து நம் ஜில்லா எத்தனை நாள் இருட்டில் கிடந்தது என்பது உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். இந்த நுண்ணுயிர்களுக்கும் மூச்சுக் காற்று வேண்டும். விலை உயர்ந்த மூடிய டப்பா ஃபில்டர்களில் ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் உள்ளே காற்று தீர்ந்து அவை சாக ஆரம்பிக்கும். கரண்ட் வந்ததும் அந்த நாறிய தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் வரும். திறந்து, அலசி, பிறகுதான் போட வேண்டும். திறந்த தொட்டியில் கிடக்கும் ஸ்பாஞ்சுக்கு இந்த ஆபத்து குறைவு. செம்பில் தண்ணீர் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து அதன் மேலேயே ஊற்றிக்கொண்டிருந்தால் மீனும் தாங்கும். தீனியை நிறுத்திவிட வேண்டும். தங்க மீன் சில நாள் பட்டினியில் சாகாது.

இதையெல்லாம் சாயங்கால நடையில் என் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் எதிர்க்கேள்வி உண்டு. "ஏன்யா, அழுக்க வளக்கச் சொல்றியா? நாளைக்குத் தொட்டி நாறும்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கழுவாதே என்றால் ஒன்றையும் தொடாதே என்று பொருளல்ல. கண்ணாடிப் பாசியைத் தேய்க்கலாம், கூழாங்கல்லுக்கு அடியில் சேரும் கழிவைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். முக்கியமாக, ஃபில்டர் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிறதே தவிர நைட்ரேட்டை ஒன்றும் செய்வதில்லை. அது வாரா வாரம் தண்ணீர் மாற்றினால்தான் வெளியேறும். எவ்வளவு நல்ல ஃபில்டர் இருந்தாலும் அந்த வேலை நமக்குத்தான். தீனியைக் குறைப்பதும் நமக்குத்தான். கோயில் குளத்தில் பொரி போட்டுப் பழகிய கை, சிட்டிகையோடு நிற்க மாட்டேன் என்கிறது.

மீதமிருந்த இரண்டு மீன்களைக் காப்பாற்ற அப்போது தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றினேன். சிதம்பரத்தில் அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கினேன். சொட்டு மருந்து விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். மஞ்சள் என்றால் இல்லை, பச்சை ஏற ஏற ஆபத்து. நெல்லுக்கு யூரியா போடலாமா என்று பார்க்க இலை வண்ண அட்டையைப் பயிரில் வைத்துக் காட்டிய ஞாபகம் வந்தது. அங்கே பச்சை குறைந்தால் கவலை, இங்கே கூடினால் கவலை. முதல் நாள் நல்ல பச்சை. ஐந்தாவது வாரம்தான் மஞ்சளாக நின்றது. அதுவரை பேரனுக்கு ஞாயிறுதோறும் குழாயைக் கேமராவுக்கு நேராகப் பிடித்துக் காட்டுவேன். அவன் நிறம் சொல்வான்.

சித்திரையில் அவன் வந்தபோது இரண்டு மீன் வாங்கி விட்டோம். ஆறு வேண்டாம் தாத்தா, நூறு லிட்டருக்கு நாலே அதிகம் என்றான். அதையும் அந்தத் தாளில் நாலாவது வரியாக எழுதிவிட்டுப் போனான்.

அடுத்த மாதம் வீட்டில் ஒரு விசேஷம். சம்பந்தி வீட்டார் வருவார்கள், ஹாலில் இந்தப் பழுப்பு ஸ்பாஞ்ச் பார்க்க அசிங்கமாக இருக்கிறது, ஒருநாள் மட்டும் வெளுத்து வையுங்களேன் என்கிறாள் வீட்டுக்காரி. முடியாது என்று சொல்லிவிட்டு, அதற்கு முன்னால் ஒரு பெரிய கூழாங்கல்லை நிறுத்தி வைத்திருக்கிறேன்.